நாலு வரிக் கடிதம்

மாவட்ட அதிகாரி அலுவலகம்
ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே மூன்று பேரும் சௌகரியம். ஒரு பள்ளி மைதானத்தைப் பற்றிய கோப்பு என் மேஜையை விட்டு நகர மாட்டேன் என்கிறது. வாசலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், விரிவாகப் பிறகு எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
தம்பி

*

நகராட்சி அலுவலகம்
தட்டச்சுப் பிரிவு
ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாலு வரிக் கடிதம் கிடைத்தது. ஒரு மாவட்டத்தையே கட்டி மேய்க்கிறவர் அக்காவின் முழங்காலுக்கென்று தனியாக ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார் என்று பிரிவில் எல்லாரிடமும் காட்டினேன். மேலாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க தம்பி லெட்டர் எழுதறாரா, தந்தி அடிக்கறாரா?" என்றார். "பெரிய அதிகாரி சார், அவர் கையெழுத்துக்கே ஆள் காத்திருக்கும், நமக்கு இது போதாதா" என்று சொல்லி வைத்தேன். முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. மற்றபடி குறையில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக அடிக்கிறேன். என் மெஷினில் 'ர' இன்னும் பாதிதான் விழுகிறது. புதுசு தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். பழகிய கழுதை.

ஒரு சேதி. ஜூன் மாதப் பதவி உயர்வுப் பட்டியலில் கண்காணிப்பாளர் இடத்துக்கு முதல் பெயர் என்னுடையதாம். அடுத்த வருஷம் ஓய்வு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்கள் சொன்னதைத்தான் அடித்திருக்கிறேன். கடைசி ஒரு வருஷமாவது நான் சொல்ல மற்றவர்கள் அடிக்கட்டும். ஜன்னல் ஓர மேஜையும் வரும். ஆசைதான், உன்னிடம் சொல்வதற்கென்ன.

அந்த மைதானத்துக் கோப்பு என்ன ஆயிற்று? ஆணையர் மணி அடிக்கிறார். முடிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

விடுதி, அறை எண் 14
தலைநகர்
மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வேலையாகத் தலைநகருக்கு வந்திருக்கிறேன். சில நாள் ஆகலாம், அதனால் பதிலை மேலே உள்ள முகவரிக்கே போடு. உன் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது என்றால் உன் பிரிவை ஏன் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கக் கூடாது? மனு எழுதும்போது மருத்துவர் சீட்டையும் வைக்க வேண்டும். மாதிரி ஒன்று நானே எழுதி அனுப்பட்டுமா?

என் அறைக்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் சுவர். அதில் எப்போதோ ஒரு கைக்கடிகார விளம்பரம் எழுதியிருக்கிறார்கள். கடிகாரத்தின் முள் அழிந்துவிட்டது, பட்டை மட்டும் இருக்கிறது. குனிந்து பார்த்தால் துணி தேய்ப்பவர் தெரிவார். ஒரு சட்டையைத் தேய்த்து மடித்ததும் அதை ஒரு தட்டுத் தட்டுவார், தூங்கும் குழந்தையைத் தட்டுகிற மாதிரி. பக்கத்து அறையில் பற்பசை விற்கும் பிரதிநிதி. ஊர் ஊராகப் போகிறவர். குளியலறைக் கதவு தாழ்ப்பாள் போடாது என்பதால் உள்ளே இருக்கும்வரை பாடுகிறார். அவர் பாட்டு முடிந்தால்தான் மற்றவர்கள் போகலாம். எனக்குப் பாட வராது, இருமிக்கொண்டே குளிக்கிறேன்.

விடுதியிலிருந்து பூங்காவுக்கு இரண்டு வழி. ஒன்றில் நிழல் இருக்கிறது, மற்றதில் பழைய புத்தகக் கடை இருக்கிறது. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. பூங்காக் குளத்தில் ஆமை இருப்பதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். ஆமையை யாரும் பார்த்ததில்லை என்று காவலாளி சொல்கிறார். நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

மெஷினில் 'ர' பாதி விழுவதாக எழுதியிருந்தாயே, அது எழுத்துத் தண்டு வளைந்ததால் இருக்கும். உன் பிரிவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்? மதியம் யாரோடு சாப்பிடுகிறாய்? மேலாளருடைய மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? எல்லாவற்றையும் எழுது, ஒன்றையும் விடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

நகராட்சி அலுவலகம்
தட்டச்சுப் பிரிவு
மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு என்ன?

நீ வேலைக்குப் போன நாளாக எனக்கு நாலு வரிக்கு மேல் எழுதியதில்லை. உன் பெண் பிறந்ததையே மூன்று வரியில் எழுதியவன் நீ. இப்போது துணி தேய்ப்பவர் சட்டையைத் தட்டுவதை எழுதியிருக்கிறாய். ஆமையை உட்கார்ந்து பார்த்தேன் என்கிறாய். ஒரு மாவட்ட அதிகாரிக்கு, வராத ஆமைக்காக உட்கார ஏது நேரம்?

வேலை போய்விட்டதா? மறைக்காதே. நானும் ஒரு அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

விடுதி, அறை எண் 14
மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ உடம்புக்குக் குறைவில்லை என்று எழுதியது நிம்மதி. உன்னிடம் மறைக்க முடியாது என்று தெரிந்துதான் அத்தனை பக்கம் எழுதினேனோ என்னவோ.

வேலை போகவில்லை. பணியிடம் போய்விட்டது. இதற்குக் 'கட்டாயக் காத்திருப்பு' என்று பெயர். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, காரணமும் சொல்ல மாட்டார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும். தலைமைச் செயலகத்தில் நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை. காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் போகலாம். இடையில் செய்வதற்கு எதுவும் கிடையாது. மேஜை தந்திருக்கிறார்கள், மையும் பேனாத்தாங்கியும் தந்திருக்கிறார்கள். ஒரு துண்டுக் காகிதம் வராது. முதல் வாரம், யாரோ கதவைத் திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது உட்காருவதில்லை.

காரணம் அந்த மைதானம்தான். ஆற்றோரக் குடிசைகளுக்கு மேலே, மேட்டில் இருக்கும் பள்ளி மைதானம். அதை ஒரு கிடங்குக் கம்பெனிக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும் என்று மேலிருந்து வந்தது. இரண்டு வருஷம் முன்பு வெள்ளம் வந்தபோது அந்த ஜனங்கள் எல்லாரும் ஏறி நின்றது அங்கேதான். நானும் அங்கேதான் நின்றேன். வேறு மேடு கிடையாது. அதனால் 'வெள்ளத்தின்போது ஒதுங்க வேறு இடம் இல்லை. பரிந்துரைக்கவில்லை' என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் 'பேசவும்' என்று மட்டும் எழுதியிருந்தது. மேலிடத்தில் எதையும் தாளில் எழுத விரும்பாதபோது அப்படி எழுதுவார்கள். போய்ப் பேசினேன். பேசிவிட்டு வந்து அதே குறிப்பை மறுபடி எழுதினேன். மறுபடி 'பேசவும்'. மறுபடி அதே குறிப்பு. அதற்கப்புறம் இங்கே வந்துவிட்டேன்.

நீ கேட்பாய், அவர்கள்தான் பெரியவர்கள் ஆயிற்றே, என் குறிப்பைத் தள்ளிவிட்டு உத்தரவு போட்டால் என்ன என்று. போடலாம். ஆனால் நாளை வெள்ளம் வந்தால், தெரிந்தே கொடுத்தவர் என்று கையெழுத்துப் போட்டவரைத்தானே கேட்பார்கள்? எனக்குப் பதிலாக வந்தவரும் அந்தக் கோப்பைத் தொடாமல் சுற்றி வருகிறாராம். அதனால் அவர்களுக்கு வேண்டியது என் பேனா. 'என் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம், குத்தகைக்குக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை' என்று நானே ஒரு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மறுநாளே பணியிடம்.

அறையில் இன்னொருவர் இருக்கிறார். மீன்வளத் துறை இயக்குநராக இருந்தவர். 'மீன்வளம்' என்றே கூப்பிடச் சொல்கிறார். "பேரு எதுக்கு தம்பி? பதவியே இல்லாதப்போ பேரு மட்டும் என்னத்துக்கு?" என்பார். எனக்கு முன்பே வந்தவர். குறுக்கெழுத்துப் போடுகிறார், தெரியாத கட்டத்தில் தோன்றிய எழுத்தைப் போட்டு நிரப்பிவிடுகிறார். "யாரு வந்து திருத்தப் போறா?" என்கிறார்.

என் மனைவியும் குழந்தையும் பள்ளி ஆண்டு முடியும்வரை அங்கேயே அதிகாரி குடியிருப்பில் இருக்கிறார்கள். எனக்குப் பதிலாக வந்தவருடைய மனைவி இரண்டு முறை வந்து ஜன்னல் திரைக்கு அளவு எடுத்துக்கொண்டு போனாளாம்.

ஒருவரிடமும் சொல்லாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

நகராட்சி அலுவலகம்
தட்டச்சுப் பிரிவு
ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ இருமிக்கொண்டே குளிப்பதாக எழுதியது நிஜ இருமல் ஆகிவிடப் போகிறது, வெந்நீர் கேள்.

நடந்ததை எழுதினாய், சரி. செய்தது சரி என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா? அப்படியானால் சொல்கிறேன். சரி. விளக்கமும் கிடையாது ஒன்றும் கிடையாது.

நீ ஒருவரிடமும் சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை, ஆனால் நம் ஆணையருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கூப்பிட்டு உட்காரச் சொல்லி உன்னை விசாரித்தார். இத்தனை வருஷத்தில் என்னை அந்த அறையில் உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. நாற்காலி நன்றாக இருந்தது.

ஆண்டுக் கணக்கு முடிப்பதால் பிரிவில் தலை நிமிர நேரமில்லை. நீயாவது நீளமாக எழுது. படிக்க நன்றாக இருக்கிறது. துணி தேய்ப்பவரை விட்டுவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

நகராட்சி
ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் மூன்று கடிதமும் கிடைத்தன. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். இருமல் நின்றதில் சந்தோஷம். என் முழங்கால் இப்போது தேவலை, மாடி ஏறும் வேலை குறைந்துவிட்டது.

கையால் எழுதியிருப்பதைப் பார்த்து யோசிக்காதே, மெஷின் பழுதுபார்க்கப் போயிருக்கிறது. என் கையெழுத்து இவ்வளவு கோணலாகிவிட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. பட்டியல் பற்றிக் கேட்டிருந்தாய். தள்ளிப் போயிருக்கிறது. அரசாங்கத்தில் எது தள்ளிப் போகாமல் இருக்கிறது?

ஒரு வேலையாகப் பழைய கட்டடத்துக்கு வந்திருக்கிறேன். நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய், பழைய நகராட்சி மண்டபம், மேலே மணிக்கூண்டு. தரைக்கு அடியில் இருக்கும் கீழ்த்தளத்தில்தான் பழைய பதிவுகள் எல்லாம் கிடக்கின்றன. கரையான் வேலை பார்க்கிற ஒழுங்கை நம் ஆட்கள் பார்க்க வேண்டும். ஓர் அலமாரியில் ஒரு வருஷத்துப் பிறப்புப் பதிவு முழுவதையும் தின்றுவிட்டு, பக்கத்திலிருந்த இறப்புப் பதிவைத் தொடவே இல்லை. அந்த வருஷத்தில் இந்த ஊரில் யாரும் பிறக்கவில்லை, செத்தது மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். தெருவில் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும். செருப்பை வைத்தே யார் என்று சொல்லிவிடுவேன் போல இருக்கிறது. பதினோரு மணிக்கு ஒரு சிவப்புச் செருப்பு போகும், அவசரமாக. மூன்று மணிக்கு அதே செருப்பு மெதுவாகத் திரும்பும். காலையில் போனது நடந்ததா இல்லையா என்று அந்த நடையிலேயே தெரிந்துவிடும். ஜன்னல் கம்பியில் ஒரு புறா கூடு கட்டியிருக்கிறது. இரண்டு முட்டை. ஒன்றைக் காணோம் என்று நேற்று தேடினேன், அடியில் மறைந்திருந்தது. மதியம் நான் சாப்பாட்டைத் திறந்தால் அது கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும். போடலாமா என்று தோன்றும், பழக்கிவிட்டால் விடாது என்று போடுவதில்லை. இன்றைக்குப் போட்டுவிட்டேன்.

இங்கே வெளிச்சம் நாலு மணிக்கே போய்விடுகிறது. அதற்குள் எழுத வேண்டும் என்று எழுதுகிறேன். இன்னும் என்ன? சுவரில் பழைய நகரசபைத் தலைவர்களின் படங்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். எல்லாரும் என்னையே பார்ப்பது கஷ்டமாக இருந்தது. இரண்டு பேரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பாவமாக இருந்தது. மறுபடி திருப்பிவிட்டேன்.

சீக்கிரம் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

விடுதி, அறை எண் 14
ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

போன வாரம் மீன்வளம் போய்விட்டார். எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய கோப்பு ஏதோ ஏரிக் குத்தகை. காலையில் அவரை மேலே கூப்பிட்டார்கள், மதியம் பணியிட உத்தரவோடு வந்தார். மேஜையில் இருந்த குறுக்கெழுத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எழுதிக் குடுத்துட்டேன்யா. ஒரு பத்திதான். இவ்வளவு நாள் இதுக்கா உக்காந்திருந்தோம்னு ஆயிடுச்சு."

"சந்தோஷம் சார்."

"சந்தோஷம்னு சொல்லாதே. திட்டு. யாராவது திட்டினா நல்லா இருக்கும்."

நான் திட்டவில்லை. அவர் வாசல்வரை போய்த் திரும்பி, "உனக்கு வீட்டுல யாரு தம்பி இருக்கா, லெட்டர் போட?" என்றார். அக்கா இருக்கிறாள் என்றேன். "அப்ப நீ தாங்குவே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அறையில் நான் மட்டும். பொழுது போகாமல் உன் கடிதங்களை எல்லாம் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு கோப்பைப் படிப்பது போலப் படித்தேன். ஏப்ரல்வரை எல்லாம் டைப் அடித்தவை. எல்லாவற்றிலும் யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். மேலாளர் கிண்டல் செய்கிறார், ஆணையர் மணி அடிக்கிறார், கணக்கு முடிக்க வேண்டும், நேரமில்லை. ஜூன் கடிதம் கையால் எழுதியது. தலைப்பில் தட்டச்சுப் பிரிவைக் காணோம். நாலு பக்கம். அதில் ஒரு மனிதர்கூட இல்லை, அக்கா. புறா இருக்கிறது, கரையான் இருக்கிறது, செருப்பு இருக்கிறது, செத்துப்போனவர்களின் படம் இருக்கிறது. 'ஒரு வேலையாக வந்திருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். மார்ச்சில் நான் உனக்கு எழுதிய அதே வரி.

எனக்கு நாலு பக்கம் எழுத நேரம் எப்படிக் கிடைத்தது என்று கண்டுபிடித்தவள் நீ. நீ வளர்த்தவன்தானே நான்?

உன் அலுவலகத்துக்கு ட்ரங்க் கால் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். உன் இடத்துக்கு வந்தவள் போலிருக்கிறது. உன்னைக் கேட்டேன். "அவங்க இப்ப இங்க இல்லைங்க. பழைய கட்டடத்துல ரெக்கார்டு ரூம்ல போட்டிருக்காங்க. நீங்க யாரு பேசறது?" என்றாள். எப்போதிருந்து என்றேன். "மே மாசத்துல இருந்துங்க. கண்காணிப்பாளர் வேலையும் வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு, பாவம்" என்றாள். நான் யார் என்று சொல்லாமல் வைத்துவிட்டேன்.

என்னால்தான். என்னை அசைக்க முடியாமல் உன்னைப் பிடித்திருக்கிறார்கள். நான் இங்கே சும்மா உட்கார்ந்திருப்பது என் வீம்பு என்று வைத்துக்கொள். உன் கடைசி வருஷத்தைக் கரையானுக்குப் போட எனக்கு உரிமை இல்லை. வரும் திங்கட்கிழமை விட்டு அடுத்த திங்கள் துறைச் செயலாளரைப் பார்த்து விளக்கம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்குள் உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

தம்பி

*

பதிவறை, பழைய கட்டடம்
ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன். உடம்பு விசாரிப்பெல்லாம் அடுத்த கடிதத்தில்.

ஆமாம், இங்கேதான் இருக்கிறேன். ஏப்ரலில் அந்த நல்ல நாற்காலியில் உட்கார வைத்து ஆணையர் சொன்னதை உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். "ஒரு விளக்கம்தானேம்மா கேக்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா தம்பி தட்டுவாரா?" என்றார். "முடி வெட்டிக்கவே நாலு பேர் பிடிச்சு உக்கார வெக்கணும் சார் அவனை. என் பேச்சை எங்க கேக்கறான்?" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே, "பட்டியல் என் மேஜையிலதான் இருக்கு, பாத்துக்கங்க" என்றார். பார்த்துக்கொண்டேன். வெளியே வந்து உனக்கு 'விளக்கமும் கிடையாது ஒன்றும் கிடையாது' என்று அடித்தேன்.

தெரிந்துதான் செய்தேன். நீ என்னை இங்கே தள்ளவில்லை, நானே நடந்து வந்தேன். இப்போது நீ போய் எழுதிக் கொடுத்தால், நான் இந்தப் புறாவோடு உட்கார்ந்திருந்தது எதற்கு என்று எனக்கு யார் விளக்கம் எழுதிக் கொடுப்பார்கள்? ஜன்னல் ஓர மேஜை போனது போனதுதான். மைதானமும் போய்விட்டால் கையில் என்ன மிச்சம்?

அந்த மேட்டில் நீயும் ஏறி நின்றதாக எழுதினாயே. உன் பக்கத்தில் நின்றவர்களை யோசித்துக்கொள்.

போகாதே. எழுதாதே.

அக்கா

*

அரசு அச்சகம்
செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னித்துவிடு, எழுத மனம் வரவில்லை. தேர்தல் அறிவித்ததும் அச்சகத்துக்குப் போக ஒருவரும் முன்வராததால் என்னைத் தூக்கி இங்கே போட்டுவிட்டார்கள், வாக்குச்சீட்டு அடிக்கிறோம், இயந்திரம் நிற்பதில்லை. விளக்கம் கொடுக்கவில்லை, நீ சொன்னதால். ஆனால் செயலாளர் விடவில்லை: கொடுத்த மறுநாளே உன்னை மேலே கூப்பிடுவார்களாம். நீ இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறாய் என்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன், அப்புறம் உன் பேச்சைக் கேட்க மாட்டேன். உண்மையை எழுது. ஆட்கள் கூப்பிடுகிறார்கள்.

தம்பி

*

(அனுப்பாதது)

பதிவறை
செப்டம்பர் 26

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் வரிகளைத்தான் பார்த்தேன். கொஞ்சமாக இருந்தன. வேலை வந்துவிட்டது என்று படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மை ஒட்டிய விரல் அடையாளம் ஓரத்தில் இருக்கிறது. அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையை எழுது என்கிறாய். உண்மை இதுதான். இங்கேயேதான் இருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டார்கள். புறாக்குஞ்சுகள் பறந்துவிட்டன, கூடு காலி. சிவப்புச் செருப்பும் ஒரு மாதமாக வருவதில்லை. வேலை கிடைத்துவிட்டதா, தேடுவதை விட்டுவிட்டாளா, தெரியவில்லை. பேச்சு மறந்துவிடக் கூடாது என்று காலையில் வந்ததும் படத்தில் இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்கிறேன். நீ எழுதாத இந்த இரண்டு மாதமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். படி ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். முழங்கால் அதற்கு மட்டும் ஒத்துழைத்தது.

ஆனால் இதை நீ படித்தால் அன்றைக்கே போய் எழுதிக் கொடுத்துவிடுவாய். அதனால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் புதுக் கட்டடத்துக்குப் போகிறேன். என் இடத்தில் இருக்கும் பெண் மெஷினைத் தருகிறேன் என்றாள். என் பழைய மெஷின்தான், 'ர' பாதிதான் விழும். அதைப் பார்த்தால் நீ நம்பிவிடுவாய். "தம்பி மறுபடி போன் பண்ணா என்னக்கா சொல்ல?" என்று கேட்டாள். "கண்காணிப்பாளர் அம்மா ஆணையர் ரூம்ல இருக்காங்க, அப்புறம் பேசுவாங்கன்னு சொல்லு" என்றேன். சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சொன்னாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒன்றுதான் கஷ்டம். நேரமில்லாதவள் நீளமாக எழுத முடியாது. துணி தேய்ப்பவர் கண்ணில் படுகிறாரா, பூங்காவில் ஆமை வந்ததா, உன் பெண் புதுப் பள்ளியில் சேர்ந்தாளா, எல்லாம் கேட்க வேண்டும். கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய். இனி ஓய்வு பெறும்வரை உனக்கு நாலு வரிதான்.

எழுத எழுத வந்துகொண்டே இருக்கிறது. வெளிச்சமும் போய்விட்டது. இதை அனுப்பப் போவதில்லை, ரொம்ப நீளமாக இருக்கிறது.

*

நகராட்சி அலுவலகம்
கண்காணிப்பாளர்
செப்டம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது, இங்கே எல்லாரும் சௌகரியம். இங்கிருந்த கண்காணிப்பாளரைத் தேர்தல் வேலைக்குத் தூக்கிவிட்டதால் போன வாரமே என்னை மேலே கூப்பிட்டுவிட்டார்கள், ஜன்னல் ஓர மேஜை, உனக்கு எழுதத்தான் நேரமில்லை. விளக்கம் எதுவும் வேண்டாம். வாசலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா